93 சதவீதம் ஒத்துப்போனது, சரி. நோயாளி என்ன ஆனார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பிய பிறகு பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மாமா பக்கத்தில் வந்து போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய செய்தி. புற்றுநோய்க்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாம், பெரிய டாக்டர்கள் சொல்வதோடு 93 சதவீதம் ஒத்துப்போகிறதாம்.

மாமாவுக்கு வயது 71. பெருங்குடலில் கட்டி, அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, கீமோ தொடங்கக் காத்திருக்கிறார். "ஏம்மா, இது நம்ம டர்பன்ல இருக்கா? கேட்டா போட்டுப் பார்ப்பாங்களா?" என்றார். அவர் குரலில் இருந்த ஆசையைப் பார்த்ததும் சட்டென்று ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து அந்த 93 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், மாமாவுக்குச் சொன்ன மாதிரியே. மருத்துவம் படித்தவள் இல்லை நான். ஆனால் இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

முதலில் இந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நோயாளியின் வயது, கட்டி எந்த நிலையில் இருக்கிறது, திசுப் பரிசோதனை முடிவு, இதயம் சிறுநீரகம் எப்படி இருக்கின்றன என்பதையெல்லாம் உள்ளே கொடுத்தால், இன்ன சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம், இன்னதை யோசிக்கலாம், இன்னது வேண்டாம் என்று பட்டியல் போட்டுத் தரும். முடிவு எடுப்பது மருத்துவர்தான், இது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்கும். அதனால்தான் முடிவுக்கு உதவும் மென்பொருள் என்கிறார்கள். இந்த வகையில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஃபார் ஆன்காலஜி. நியூயார்க்கில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள்தான் அதைப் பழக்கினார்கள்.

மாமாவின் 93 வந்தது பெங்களூரிலிருந்து. அங்கே மணிப்பால் மருத்துவமனையில் 2014 முதல் 2016 வரை சிகிச்சை முடிவு செய்யப்பட்ட 638 மார்பகப் புற்றுநோய் கேஸ்களை எடுத்து, அதே விவரங்களை வாட்சனுக்கும் கொடுத்தார்கள். அங்குள்ள புற்றுநோய் மருத்துவர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவும் வாட்சன் சொன்னதும் 93 சதவீத கேஸ்களில் ஒத்துப்போனது. 2018-ல் இது மருத்துவ இதழில் வந்தது. பொய்யான எண் இல்லை, நேர்மையாகச் செய்த வேலைதான்.

ஆனால் அந்த ஆய்வு எப்படி நடந்தது என்று உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. மருத்துவர்களின் முடிவு வாட்சனின் பட்டியலில் "பரிந்துரைக்கிறேன்" என்ற இடத்தில் இருந்தாலும் சரி, "யோசிக்கலாம்" என்ற இடத்தில் இருந்தாலும் சரி, ஒத்துப்போனதாகவே கணக்கு. அப்புறம், முதல் சுற்றில் ஒத்துப்போகாத கேஸ்களை மட்டும் எடுத்து, வாட்சன் என்ன சொன்னது என்று காட்டாமல், 2016-ல் மருத்துவர்களை மறுபடி முடிவு செய்யச் சொன்னார்கள். இடையில் புது மருந்துகள் வந்திருந்ததால் அப்படிச் செய்தது நியாயம்தான். ஆனால் தப்பான விடைகளை மட்டும் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னால் மதிப்பெண் ஏறும், இறங்காது. இன்னொன்றும் அதில் இருந்தது, மாமாவுக்கு நான் முதலில் சொன்னது அதைத்தான்: 45 வயதுக்குக் கீழே உள்ளவர்களைவிட மூத்தவர்களில் ஒத்துப்போவது பெரும்பாலும் குறைந்தது.

இதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பெரிய விஷயம் வேறு.

இரண்டு ஜோசியர்கள் ஒரே ஜாதகப் பொருத்தத்தைப் பார்த்து ஒரே முகூர்த்தத் தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். இருவரும் ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது அதிலிருந்து தெரியும். கல்யாணம் செய்துகொண்ட பெண் நன்றாக இருக்கிறாளா என்பது அதிலிருந்து தெரியாது, அதற்கு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 93 சதவீதம் என்பது ஜோசியர்கள் ஒத்துப்போன கணக்கு. அந்த 638 பெண்கள் எத்தனை வருடம் இருந்தார்கள், கட்டி திரும்பி வந்ததா, சிகிச்சையின் பக்கவிளைவுகளை எப்படித் தாங்கினார்கள் என்பதை அந்த ஆய்வு பார்க்கவில்லை. பார்ப்பதாகச் சொல்லவும் இல்லை. பார்த்ததாக நினைத்துக்கொண்டது, அந்த எண்ணை எடுத்துப் பரப்பியவர்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் அமெரிக்காவின் ஸ்டாட் செய்தித்தளம் ஐ.பி.எம்.மின் உள் ஆவணங்களைப் பார்த்து எழுதியது: வாட்சனைப் பழக்கப் பயன்படுத்தியவற்றில் நிறைய, உண்மை நோயாளிகளின் விவரமே இல்லை, மருத்துவர்கள் கற்பனையாக உருவாக்கிய கேஸ்கள், பாதுகாப்பில்லாத பரிந்துரைகளும் வந்திருந்தன. 2022-ல் ஐ.பி.எம். அந்த மருத்துவத் தொழிலின் பெரும்பகுதியை விற்றுவிட்டது.

சரி, அப்படியானால் நோயாளி என்ன ஆனார் என்று அளப்பது எப்படி? இதைப் புரிந்துகொள்ள பக்கவாதத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலேயே பார்த்ததால் சொல்கிறேன்.

மெரிபேங்கில் இருக்கும் பெரியம்மா ஒரு காலையில் டீ கப்பைக் கையில் எடுத்தார், கப் தானாக நழுவி மடியில் கொட்டியது. சூடு பட்டும் அவர் கையை இழுக்கவில்லை. "என்ன பெரியம்மா" என்று கேட்டதற்கு வாய் ஒரு பக்கமாக இழுத்தது, வார்த்தை குழறியது. ஆம்புலன்சுக்குப் போன் செய்து காத்திருந்து, அது வராமல் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி, மருத்துவமனையில் ஸ்கேனுக்கு வரிசையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்து, சி.டி. ஸ்கேன் எடுத்து முடிக்கும்போது ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். அந்த ஐந்து மணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் கட்டி அடைத்தால் ஒரு வகைப் பக்கவாதம், குழாய் வெடித்து ரத்தம் கசிந்தால் இன்னொரு வகை. வெளியே இருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியை ரத்தம் கசிந்தவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் ஸ்கேன் எடுக்காமல் போட மாட்டார்கள். அந்த ஊசி உதவும் என்று நிரூபித்த அமெரிக்க ஆய்வு 1995-ல் வந்தது. பக்கவாதம் வந்து 3 மணி நேரத்துக்குள் வந்த 624 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவது போல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மருந்து, இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத ஊசி. பிறகு 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு அந்த நேரத்தை 4.5 மணிக்கு நீட்டியது. 1995 ஆய்வில் மருந்து வாங்கியவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ஆபத்தான ரத்தக்கசிவு ஏற்பட்டது, மற்றவர்களில் 0.6 சதவீதம்தான். அப்படி இருந்தும் அந்த மருந்தை ஏன் ஏற்றுக்கொண்டார்கள்? மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, ஊனமில்லாமலோ மிகச் சிறிய குறையோடோ இருந்தவர்கள் மருந்துக் குழுவில்தான் அதிகம்.

மூன்று மாதம் கழித்துப் பார்ப்பது, இதுதான் முக்கியம். பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 1957-ல் கிளாஸ்கோவில் ரேங்கின் என்ற மருத்துவர் போட்டது, பிறகு கொஞ்சம் திருத்தினார்கள். 0 என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. 2 என்றால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாது, ஆனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் நடப்பார், கொஞ்சம் உதவி வேண்டும். 4 என்றால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் நடக்க முடியாது. 5 என்றால் படுக்கை. 6 என்றால் இறந்துவிட்டார்.

பெரியம்மாவுக்குத் தொண்ணூறாவது நாள் வாக்கில் யாராவது போன் செய்து கேட்டிருந்தால் என்ன எண் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரையும் பிடிக்காமல் வாசல் கேட் வரைக்கும் நடந்தார். ரவிக்கை ஊக்குப் போட அக்கா வேண்டும், மீனில் முள் எடுத்துக் கொடுக்க யாராவது வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீப்பெட்டியை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் குச்சியை உரசி, மூன்றாவது குச்சியில் விளக்கேற்றினார். என் கணக்கில் 3. அவரை 3-லிருந்து 2-க்குக் கொண்டுவரும் எதையும், அது மருந்தோ மென்பொருளோ, நான் கொண்டாடுவேன். ஸ்கேன் படத்தை எவ்வளவு துல்லியமாகப் படித்தது என்று சொன்னால், நல்லது, அப்புறம் அந்த அம்மா ரவிக்கை ஊக்கைத் தானே போட்டாரா என்று கேட்பேன்.

பக்கவாதத்தில் மென்பொருள் நிஜமாகவே உதவுகிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 2018-ல் வந்த டான் என்ற ஆய்வைப் பாருங்கள். பக்கவாதம் வந்து 6 முதல் 24 மணி நேரம் வரை ஆகிவிட்டவர்கள், அதாவது முன்பு இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிடப்பட்டவர்கள், 206 பேர். மூளையில் எவ்வளவு பகுதி செத்துவிட்டது என்று ரேபிட் என்ற மென்பொருளை வைத்து ஸ்கேனில் அளந்து, செத்த பகுதி சின்னதாக இருந்தும் உடல் பாதிப்பு பெரிதாக இருந்தவர்களை, அதாவது இன்னும் காப்பாற்ற இடமிருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள். பாதிப் பேருக்குத் தொடை வழியாக மெல்லிய குழாயை உள்ளே விட்டு மூளையில் அடைத்த கட்டியை வெளியே இழுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 90 நாள் கழித்துத் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் கட்டியை இழுத்த குழுவில் 49 சதவீதம், மற்றதில் 13 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி வராது.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். 49-க்கும் 13-க்கும் உள்ள வித்தியாசம் மென்பொருளுக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதுகிறார்கள். இரண்டு குழுவுமே அந்த மென்பொருளைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்! சீட்டுக் குலுக்கியது கட்டியை இழுப்பதா வேண்டாமா என்பதற்கு. அதனால் அந்த ஆய்வு நிரூபித்தது கட்டியை இழுக்கும் சிகிச்சையை. மென்பொருள் ஆளைத் தேர்ந்தெடுக்கத் துணை நின்றது, அது பெரிய உதவிதான். ஆனால் மென்பொருள் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்று அங்கே யாரும் பிரிக்கவில்லை. எந்த ஆய்வைப் படித்தாலும் சீட்டு எதற்குக் குலுக்கினார்கள் என்று முதலில் தேடுங்கள். அதற்கு மட்டும்தான் அந்த ஆய்வு பதில் சொல்லும்.

மென்பொருளுக்கே சீட்டுக் குலுக்கிய ஆய்வும் இருக்கிறது. சீனாவில் கோல்டன் பிரிட்ஜ் 2 என்று பெயர். 77 மருத்துவமனைகள், 21,603 நோயாளிகள். நோயாளிகளைப் பிரிக்கவில்லை, மருத்துவமனைகளையே பிரித்தார்கள். ஏன் அப்படி? நம் காவடித் திருவிழாவுக்கு அன்னதானம் சமைக்கும்போது, ஒரே சமையற்காரரிடம் இந்த அண்டாவுக்குப் புதுப் பக்குவம், அந்த அண்டாவுக்குப் பழைய பக்குவம் என்று சொன்னால் நடக்குமா? புதுப் பக்குவம் கைக்கு வந்துவிட்டால் இரண்டாவது அண்டாவிலும் அதே கைதான் உப்புப் போடும். மருத்துவரும் அப்படித்தான். காலையில் ஒரு நோயாளிக்கு மென்பொருள் சொல்லிக்கொடுத்தது மதியம் இன்னொரு நோயாளியைப் பார்க்கும்போது மறந்துபோகாது. அதனால் ஒரு மருத்துவமனை முழுக்க மென்பொருளோடு, இன்னொன்று முழுக்க அது இல்லாமல். மூளைப் படத்தைப் பார்த்து இந்தப் பக்கவாதம் எந்தக் காரணத்தால் வந்திருக்கும், மறுபடி வராமலிருக்க எந்த மருந்து என்று அந்த மென்பொருள் எடுத்துக்கொடுத்தது.

மூன்று மாதத்துக்குள் மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள், ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் எல்லாம் சேர்த்து, மென்பொருள் இல்லாத இடத்தில் 3.9 சதவீதம், இருந்த இடத்தில் 2.9 சதவீதம். செய்திகளில் 26 சதவீதம் குறைந்தது என்று வந்தது. அதுவும் சரி, நூற்றில் ஒருவர் தப்பித்தார் என்பதும் சரி. இரண்டும் ஒரே கணக்கை இரண்டு விதமாகச் சொல்வது. 26 சதவீதம் என்று கேட்டால் நாலில் ஒருவர் பிழைத்த மாதிரி காதில் விழும். நூற்றில் ஒருவர் என்று கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். நான் நூற்றில் ஒருவர் என்பதைத்தான் மாமாவிடம் சொன்னேன். கேவலமான எண் இல்லை அது. லட்சக்கணக்கில் பக்கவாதம் வரும் நாட்டில் நூற்றுக்கு ஒன்று என்பது ஒரு ஊர் அளவு ஜனம்.

புற்றுநோயில் இப்படிப் பார்ப்பது ஏன் கஷ்டம்? காலம். பக்கவாதத்தில் 90 நாளில் ஏதோ ஒரு பதில் தெரிந்துவிடும், மார்பகப் புற்றுநோயில் ஐந்து வருடம், பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் மென்பொருளே மூன்று முறை மாறியிருக்கும். அதனால் சீக்கிரம் கிடைக்கும் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். மார்பக எக்ஸ்ரேயில் சந்தேகமான இடத்தைக் குறித்துக்காட்டும் மென்பொருளுக்கு அமெரிக்கா 1998-லேயே அனுமதி கொடுத்தது. 2007-ல் 43 மையங்களின் கணக்கைப் பார்த்தபோது, அது வந்த பிறகு நோயில்லாத பெண்களைத் தேவையில்லாமல் திரும்பக் கூப்பிட்டது கூடியிருந்தது, ஊசி குத்தித் திசு எடுப்பது ஏறக்குறைய 20 சதவீதம் கூடியிருந்தது, புற்றுநோய் கண்டுபிடித்தது மட்டும் சொல்லும்படி கூடவில்லை. இப்போது வரும் புதிய மென்பொருள்கள் அதைவிட எவ்வளவோ மேல். ஸ்வீடனில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வின் முதல் முடிவு 2023-ல் வந்தது. ஆயிரம் பெண்களுக்கு 5.1 கேஸ் கண்டுபிடித்த இடத்தில் 6.1 கேஸ், படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைவு.

ஆனால் புற்றுநோயில் எனக்குப் பிடித்த ஆய்வு வேறு. அந்த மென்பொருளுக்குப் பெரிய அறிவெல்லாம் இல்லை. வாட்சனைப் பழக்கிய அதே நியூயார்க் மருத்துவமனையில், கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் கம்ப்யூட்டர் வழியாக 12 கேள்வி: வாந்தி இருக்கிறதா, வலி எப்படி, மூச்சு வாங்குகிறதா, பசிக்கிறதா. பதில் மோசமானால் நர்சுக்குத் தகவல் போகும், நர்ஸ் போன் செய்வார். அவ்வளவுதான். 2017-ல் வந்த முடிவில் கேள்வி கேட்கப்பட்ட குழுவில் பாதிப் பேர் 31.2 மாதத்தைத் தாண்டி உயிரோடு இருந்தார்கள், வழக்கமான குழுவில் அது 26 மாதம். ஐந்து மாதம் கூடுதல். புது மருந்து ஒன்று இவ்வளவு கொடுத்தால் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக வந்திருக்கும். "வாந்தி வருதான்னு கேட்டதுக்கா அஞ்சு மாசம்?" என்றார் மாமா. கேட்டதற்கும், கேட்டுவிட்டு அந்தப் பக்கம் ஒரு ஆள் போனை எடுத்ததற்கும்.

அந்த ஆள்தான் நம் ஊரில் பிரச்சினை. 2017 ஜூனில் தென்னாப்பிரிக்க மனித உரிமை ஆணையம் ஒரு அறிக்கை வெளியிட்டது. அடிங்டன், இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆகிய டர்பன் மருத்துவமனைகளில் புற்றுநோய்க்கு வேண்டிய கருவிகளும் ஆட்களும் போதவில்லை, அதனால் எங்கள் மாகாணமான குவாசுலு நட்டாலின் சுகாதாரத் துறை நோயாளிகளின் உரிமையை மீறியிருக்கிறது என்று அது சொன்னது. அந்தச் சமயத்தில் உலகத்திலேயே சிறந்த மென்பொருள் "இவருக்குக் கதிர்வீச்சு கொடுங்கள்" என்று சொல்லியிருந்தாலும், கதிர்வீச்சுக் கருவி ஓட வேண்டுமே. நியூயார்க்கில் உள்ள மருந்தும் வசதியும் பார்த்துப் பழகிய ஒன்று, இங்கே அரசு மருத்துவமனை மருந்தகத்தில் என்ன இருக்கிறது என்று எப்படி அறியும்? ஆகவே வெளியூரில் நிரூபித்த மென்பொருளை இங்கே நம் ஜனங்களிடமும், ஜூலு பேசும் பாட்டிகளிடமும், நம் ஸ்கேன் கருவிகளிலும் மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். யாராவது உங்களை அப்படி ஓர் ஆய்வில் சேரச் சொன்னால் பயப்பட வேண்டாம். ஒழுங்கான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும், புரியும் மொழியில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம், கையெழுத்துப் போட்ட பிறகும் வேண்டாம் என்று விலகலாம், விலகியதற்காகச் சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

மாமாவுக்குப் போன வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கும் நாள். அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்பக்கம் மூன்று கேள்வி தமிழில் எழுதிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். இந்தக் கீமோவால் என் வயதுக்காரர்களுக்கு என்ன பலன் என்று பார்த்திருக்கிறார்களா, நூறு பேரில் எத்தனை பேருக்கு உதவுகிறது, வீட்டில் இருக்கும்போது முடியவில்லை என்றால் யாருக்குப் போன் செய்வது. முதல் இரண்டுக்கும் டாக்டர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் நூறு புள்ளி வைத்து வட்டம் போட்டுக் காட்டினார். மூன்றாவதற்கு ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். மாமா அதை அங்கேயே போனில் போட்டு, மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.